எர்த் ஒயர் எங்கே போகிறது?

பழைய வானொலிப் பத்திரிகைகளையும் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளையும் கையில் கிடைத்தபோதெல்லாம் சேர்த்து வந்திருக்கிறேன். ஓரம் பழுப்பேறி, பக்கத்தைப் புரட்டினாலே தூள் உதிரும் பிரதிகள் அவை. கிரிஸ்டல் செட் செய்வது எப்படி, ஒற்றை வால்வு ரிசீவர் செய்வது எப்படி என்று எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முடிவில் ஒரு குறிப்பு வரும்: எர்த் முனையை அருகிலுள்ள தண்ணீர்க் குழாயில் கட்டவும். சிறுவயதில் இதைத் திரும்பத் திரும்பப் படித்து, எர்த் என்றாலே தண்ணீர்க் குழாய்தான் என்று மனதில் பதிந்துபோயிருந்தது.

பல வருடம் கழித்து, உறவினர் ஒருவரின் பழைய வீட்டில் வாஷிங் மெஷினைத் தொட்டால் விரல் நுனியில் விறுவிறு என்று இருப்பதாகச் சொன்னார்கள். "எர்த் கொடுத்துத்தான் இருக்கு" என்றும் சொன்னார்கள். பிளக் பாயின்டிலிருந்து கிளம்பிய பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவரோரமாக ஓடி, குழாயடிக்குப் போய், ஒரு இரும்புக் குழாயில் நான்கு சுற்று சுற்றி முறுக்கப்பட்டிருந்தது. அந்தக் குழாயின் மேல் பெயின்ட். பெயின்டைச் சுரண்டியபடி கீழே இறங்கினால், இரண்டடிக்குக் கீழே இரும்பு முடிந்து பிளாஸ்டிக் குழாய் தொடங்கியது. எப்போதோ ஒழுகிய குழாயை மாற்றியவர்கள் நல்ல வேலைதான் செய்திருக்கிறார்கள். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டு எர்த் ஒயர் எங்கேயும் போகவில்லை.

எர்த் பற்றி எல்லோரும் பேசுகிறோம். "எர்த் இருந்தா ஷாக் அடிக்காது", "ஃபியூஸ் இருக்கு, பயமில்லை", "கரண்ட் மண்ணுக்குள்ள போயிடும்" என்று மூன்று வாக்கியம் எல்லார் வாயிலும் இருக்கும். மூன்றுமே பாதிதான் உண்மை. மீதிப் பாதியில்தான் உயிர் போகிறது என்பதால் இதை அடியிலிருந்து சொல்லிவிட நினைக்கிறேன்.

## போன மின்சாரம் திரும்ப வேண்டும்

செயற்கை நீரூற்றைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் தண்ணீரை மேலே தள்ளுகிறது. விழுந்த தண்ணீர் தொட்டிக்கு வருகிறது. அதே தண்ணீரை மோட்டார் மறுபடி இழுக்கிறது. மின்சாரமும் இப்படித்தான் சுற்றி வருகிறது. வீட்டுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மர்தான் இங்கே மோட்டார். அதிலிருந்து கிளம்பியது அதற்கே திரும்பியாக வேண்டும். திரும்பும் வழி அறுந்தால், அந்தக் கணமே சுற்று முழுவதிலும் ஓட்டம் நின்றுவிடும்.

வீட்டுக்குள் வரும் இரண்டு ஒயர்களில் ஒன்று பேஸ், மின்னழுத்தத்தைச் சுமந்து வருவது. இன்னொன்று நியூட்ரல், திரும்பும் வழி. "நியூட்ரலில் கரண்ட் இருக்காது" என்று சொல்வது தவறு. பேஸில் எத்தனை ஆம்பியர் போகிறதோ அத்தனையும் நியூட்ரலில் திரும்புகிறது. நியூட்ரலில் பெரிதாக இல்லாதது தரைக்கு எதிரான மின்னழுத்தம் மட்டுமே. பெரும்பாலான ஊர்களில் டிரான்ஸ்ஃபார்மர் அருகிலேயே நியூட்ரலை மண்ணோடு இணைத்துவிடுகிறார்கள். அதனால் நியூட்ரலும் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன.

இந்த இணைப்புக்கு ஒரு விளைவு உண்டு. மண்ணும் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பும் ஒரு வழியாகிவிடுகிறது. தரையில் நின்று பேஸைத் தொட்டால், கை, உடம்பு, கால், மண், டிரான்ஸ்ஃபார்மர் என்று சுற்று பூர்த்தியாகிறது. மண் மின்சாரத்தை விழுங்குவதில்லை. அது வெறும் பாதை.

டெஸ்டரை வைத்துப் பார்க்கும்போது உள்ளே சிவப்பாக எரிகிறதே, அந்தச் சின்ன நியான் விளக்கின் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகத்தான் போகிறது. டெஸ்டருக்குள் ஏறக்குறைய 10 லட்சம் ஓம் தடை இருப்பதால், 230 வோல்ட்டில் கால் மில்லிஆம்பியர்கூட ஓடாது. அதனால் நமக்குத் தெரிவதில்லை. தடை என்பது ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை. மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்று வந்துவிடும். இந்தக் கட்டுரைக்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

இதுவரை பார்த்தது: மின்சாரம் கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறது, நியூட்ரல் அதற்கான முறையான வழி, மண் இன்னொரு வழி.

## ஃபியூஸ் கட்டைக்கு உங்களைத் தெரியாது

ஃபியூஸ் என்பது மெல்லிய கம்பி. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் சூடேறி உருகி, சுற்றை அறுக்கும். எடிசன் காலத்திலிருந்தே வழக்கத்தில் இருப்பது. தானாக விழுந்து மறுபடி தூக்கிவிடக்கூடிய எம்.சி.பி. எனும் சுவிட்சுக்கு ஜெர்மனியில் ஹூகோ ஷ்டோட்ஸ் 1924-ல் காப்புரிமை பெற்றார். வேலை இரண்டுக்கும் ஒன்றே: ஒயர் சூடாகி வீடு தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஈரக் கையோடு பேஸைத் தொட்ட ஒருவரின் உடம்புத் தடையைத் தோராயமாக 1,000 ஓம் என்று வைப்போம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இது தாராளமாகப் போதும். ஆனால் வீட்டிலேயே மிகச் சிறிய 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அதிலும் கம்பி சுற்றும் பழைய ஃபியூஸ், எழுதியிருக்கும் அளவைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஓடினால்தான் உருகும். ஆள் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது, ஃபியூஸ் தன் வரையில் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

"கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு" என்று சொல்வோம். மின்சாரம் யாரையும் இழுப்பதில்லை. 10 மில்லிஆம்பியரை ஒட்டிய அளவில் ஓடத் தொடங்கியதும் கைத்தசைகள் இறுகிவிடுகின்றன. விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. அதனால் பிடித்ததை விட முடியாமல் போகிறது. ஃபியூஸ் உருகும் அளவு எங்கே, கை இறுகும் அளவு எங்கே என்று பாருங்கள்: நடுவில் பல நூறு மடங்கு இருக்கிறது.

சுருக்கமாக: ஃபியூஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பவை. ஆளைக் காக்கும் வேலை அவற்றுக்கு நேரடியாகக் கிடையாது.

## எர்த் ஒயரின் வேலை

வாஷிங் மெஷினுக்குள் பேஸ் ஒயரின் உறை தேய்ந்து, ஒயர் இரும்பு உடலில் படுகிறது என்று கொள்வோம். எர்த் இல்லையென்றால் உடல் முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். மெஷின் வழக்கம்போல ஓடும். தொடுகிற ஆள்தான் சுற்றைப் பூர்த்தி செய்வார்.

எர்த் ஒயர் என்பது உலோக உடலிலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பும் மிகச் சுலபமான ஒரு தனிப் பாதை. சாதாரண நேரத்தில் அதில் ஓட்டம் ஏறக்குறைய இருக்காது. உடலில் பேஸ் பட்ட கணத்தில், அந்தப் பாதையில் வெள்ளம்போல் மின்சாரம் பாயும். பாய்ந்தால்தான் ஃபியூஸ் விழித்துக்கொள்ளும். அதாவது, எர்த் ஒயர் மின்சாரத்தை மண்ணில் கொட்டுவதற்காக இல்லை. ஃபியூஸை விழவைப்பதற்காக இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தை நினைவில் வைக்க முடியும் என்றால் இதையே வையுங்கள்.

பாதை முழுவதும் செம்பாக இருந்து, மொத்தத் தடை அரை ஓம் என்றால், 230-ஐ அரையால் வகுக்க 460 ஆம்பியர். எந்த வீட்டு எம்.சி.பி.யும் கண் இமைக்குமுன் விழுந்துவிடும்.

அதே வீட்டில், எர்த் ஒயர் தோட்டத்தில் அடித்த ஒரு கம்பியில் மட்டும் முடிகிறது என்று வையுங்கள். கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 20 ஓம் தடை. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்தில் 5 ஓம். மொத்தம் 25. ஓடும் மின்சாரம் 9.2 ஆம்பியர் மட்டுமே. 10 ஆம்பியர் ஃபியூஸ் அசையாது. 9.2-ஐ 20-ஆல் பெருக்கினால் 184. எர்த் கொடுத்த பிறகும் மெஷினின் உடலில் 184 வோல்ட் நிற்கிறது! குழியில் உப்பும் கரியும் போட்டுக் கம்பியைப் புதைத்துவிட்டோம், இனி பயமில்லை என்று இருப்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காகிதத்தில் போட்டுக் காட்டுவேன். குழியும் கம்பியும் தேவையானவைதான். ஆனால் மண் மட்டுமே திரும்பும் வழியாக இருக்கும் வீட்டில் ஃபியூஸை நம்பி இருக்கக் கூடாது. அங்கே வேறொரு காவல் வேண்டும், பின்னால் வருகிறேன்.

உறவினர் வீட்டு மெஷினில் விறுவிறுத்தது எதனால்? உள்ளே எந்த ஒயரும் அறுந்திருக்கவில்லை. இன்றைய கருவிகள் பலவற்றில் மின் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெப்பாசிட்டர்களை உடலோடு இணைத்திருப்பார்கள். அவற்றில் கசியும் துளி மின்சாரம் எர்த் ஒயர் வழியாகப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. எர்த் அறுந்திருந்தால் உலோக உடல் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் கூச்சத்தோடு நின்றுவிடுகிறது. ஆக அந்த விறுவிறுப்பு ஆபத்தல்ல, ஆபத்துக்கு வந்த முன்னறிவிப்பு: எர்த் இல்லை என்று மெஷினே சொல்லிக்கொண்டிருந்தது.

## பத்திரிகைகள் சொன்ன எர்த் வேறு

அப்படியானால் பத்திரிகைகள் தவறாகச் சொல்லினவா? இல்லை. அவை பேசியது வேறொரு எர்த்தைப் பற்றி.

ஹூகோ கெர்ன்ஸ்பேக் 1908-ல் தொடங்கிய மாடர்ன் எலக்ட்ரிக்ஸ், 1932-ல் பிரிட்டனில் தொடங்கிய பிராக்டிகல் வயர்லெஸ், 1954-ல் வந்த பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் போன்றவை வீட்டு மேஜையில் வானொலி செய்யும் பழக்கத்தை வளர்த்தெடுத்தன. கிரிஸ்டல் செட்டுக்கு மின் இணைப்பே கிடையாது. உயரக் கட்டிய ஏரியல் ஒயரில் வந்து விழும் அலை, ரிசீவர் வழியாகத் தரைக்குப் போய்வர வேண்டும். அதற்குத்தான் எர்த். அங்கே ஓடுவது மில்லிஆம்பியரில் ஒரு சிறு பகுதி. பாதையில் 100 ஓம் கூடுதலாக இருந்தாலும் பாட்டு கொஞ்சம் மங்கிக் கேட்கும், அவ்வளவுதான். பாதுகாப்பு எர்த்திலோ ஒரு ஓம் கூடினால்கூடக் கணக்கு மாறிவிடும். இரண்டுக்கும் பெயர் ஒன்று. எதிர்பார்ப்பில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தண்ணீர்க் குழாய் இரும்பாகவோ ஈயமாகவோ இருந்தது. தெரு முழுக்க மண்ணுக்குள் உலோகம் உலோகத்தோடு சேர்ந்து கிலோமீட்டர் கணக்கில் ஓடியது. அதைவிடப் பெரிய எர்த் கம்பியை யாரும் அடித்துவிட முடியாது. சில நாடுகளில் வீட்டு நியூட்ரலையும் அதே குழாயோடு சேர்த்துக் கட்டினார்கள். அதனால் அன்று தண்ணீர்க் குழாய் பாதுகாப்பு எர்த்தாகவும் உண்மையிலேயே வேலை செய்தது. பிளாஸ்டிக் குழாய் வந்தபோது பிளம்பர் தன் வேலையை மட்டும் பார்த்தார். எலக்ட்ரீஷியனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

பழைய திட்டப் படங்களில் நான் யாரையும் தொட விடாத வகை ஒன்று உண்டு: டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ரேடியோ. செலவைக் குறைக்க, மின் இணைப்பின் ஒரு ஒயரை நேராக ரேடியோவின் இரும்புச் சட்டத்தில் பற்றவைத்துவிடுவார்கள். பிளக்கோ இரண்டு முள், எப்படித் திருப்பியும் செருகலாம். ஒரு பக்கம் செருகினால் சட்டத்தில் நியூட்ரல், மறுபக்கம் செருகினால் சட்டத்தில் பேஸ். ஆளைக் காத்தது மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும்தான். குமிழ் கழன்று உள்ளிருக்கும் ஆணி வெளியே தெரிந்தால், அந்த ஆணியே பேஸ். அப்படிப்பட்ட செட்டின் சட்டத்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியும். இன்று பழைய ரேடியோ ஒன்று கைக்கு வந்தால், பிளக்கைச் செருகுவதற்கு முன் அது இந்த வகையா என்று தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.

## சுவருக்குள் மாறியவை

ஒயரிங் முறைகள் மாறிய கதையைப் பாதுகாப்புக் கோணத்தில் மட்டும் சொல்கிறேன்.

முதலில் பீங்கான் குமிழ்களில் தனித்தனியாக ஒயரை இழுத்தார்கள். வட அமெரிக்காவில் 1880-களிலிருந்து பல பத்தாண்டுகள் இந்த முறை இருந்தது. பிறகு மரக் காடிக்குள் மூடிபோட்டு ஒயர் ஓட்டினார்கள். அதன்பின் ரீப்பர் கட்டை அடித்து, மேலே ஒயரைப் படுக்கவைத்து, தகரக் கிளிப் மடித்தார்கள். நேர்கோட்டில் வரிசை வரிசையாகக் கிளிப் மடித்த அந்த ரீப்பர் ஒயரிங்கைப் பார்க்க இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தத் தலைமுறை ஒயர்களின் உறை ரப்பர். முப்பது நாற்பது வருடத்தில் ரப்பர் காய்ந்து, தொட்டால் பொரிபோல் உதிரும். ஹோல்டருக்குப் பக்கத்தில், பல்பின் சூட்டில், இன்னும் சீக்கிரம். சுவிட்சை மாற்றலாம் என்று ஒயரை லேசாக வளைத்தால் செம்பு பளிச்சென்று வெளியே வந்துவிடும். பி.வி.சி. உறையும் சுவருக்குள் பதித்த பைப்பும் அந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்தன.

அந்தப் பழைய ஒயரிங் பலவற்றில் விளக்குகளுக்கு எர்த் ஒயரே கிடையாது. பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு ஃபியூஸ் கட்டையும் இருக்கும். இரட்டைப் பாதுகாப்பு என்று அன்று நினைத்தார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டர் வரை பேஸ் உயிரோடு இருக்கும். அணைந்துதானே இருக்கிறது என்று கைவைத்தவர் மாட்டிக்கொள்வார். இப்போது நியூட்ரலில் தனி ஃபியூஸ் போடுவதில்லை. போட்டதை எங்கே கண்டாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

ஒயர் நிறத்தையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் வழக்கத்தில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பிரிட்டனே 2004-க்கும் 2006-க்கும் இடையில் வீட்டு ஒயரிங்கைப் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்று மாற்றிக்கொண்டது. வட அமெரிக்காவிலோ கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். அமெரிக்கப் பத்திரிகைப் படத்தைப் பார்த்து, பிரிட்டிஷ் முறையில் ஒயரிங் செய்த வீட்டில் கைவைப்பவர் பேஸையும் நியூட்ரலையும் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ஒயரின் நிறம் ஒரு யூகம். மெயினை இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்ததே உண்மை.

## எண்ணி விட்டு, எண்ணி வாங்கும் காவல்

ஃபியூஸ் ஆளைக் காக்காது, மண் எர்த் ஃபியூஸை விழவைக்காது. இந்த இடைவெளியை நிரப்புவது ஆர்.சி.சி.பி. எனும் இன்னொரு தானாக விழும் சுவிட்ச்.

மந்தையை மேய்ச்சலுக்கு விடும்போது வாசலில் எண்ணி விடுகிறோம். மாலையில் எண்ணி வாங்குகிறோம். ஒன்று குறைந்தால் எங்கேயோ போய்விட்டது என்று அர்த்தம். எத்தனை போயின என்பது பிரச்சினை அல்ல. போனதும் வந்ததும் சமமா என்பதே கேள்வி. ஆர்.சி.சி.பி. இந்தக் கணக்கைத்தான் ஓயாமல் பார்க்கிறது.

உள்ளே ஒரு இரும்பு வளையம். பேஸ், நியூட்ரல் இரண்டும் அதன் வழியாகப் போகின்றன. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருந்தால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். யாரோ ஒருவரின் உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்குப் போனால், திரும்புவது அந்த அளவு குறையும். மிச்சப்படும் காந்தப் புலம் வளையத்தில் சுற்றியிருக்கும் மூன்றாவது கம்பியில் மின்சாரத்தை எழுப்பும். அது பூட்டைத் தட்டிவிடும். வீட்டுக்குப் பரிந்துரைக்கப்படும் வகையில் 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் எல்லை. வித்தியாசம் அதன் ஐந்து மடங்காக இருந்தால், ஒரு நொடியின் 25-ல் ஒரு பங்குக்குள் துண்டித்தாக வேண்டும் என்பது விதி. நம் 0.23 ஆம்பியர் ஆளுக்கு இது போதுமான வேகம்.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்ஸியல், எத்தனை மில்லிஆம்பியர் வரை மனிதனால் கையை விடுவித்துக்கொள்ள முடியும் என்று தன்னார்வலர்களைக் கொண்டு பல ஆண்டுகள் அளந்தவர். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1961-ல் இவ்வகைக் கருவி ஒன்றை உருவாக்கினார். அங்கே இன்றும் எல்லை 5 மில்லிஆம்பியரை ஒட்டியே இருக்கிறது. கை இறுகிப்போவதற்கு முன்பே துண்டித்துவிட வேண்டும் என்பது கணக்கு.

இதற்கும் எல்லைகள் உண்டு. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால், போனதெல்லாம் திரும்புகிறது, ஆர்.சி.சி.பி. உங்களை ஒரு பல்பு என்றே எடுத்துக்கொள்ளும். ஒயர் தாங்காத சுமையையும் அது கவனிக்காது. அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும்.

சுருக்கமாக: எம்.சி.பி. அளவைப் பார்க்கிறது, ஆர்.சி.சி.பி. வித்தியாசத்தைப் பார்க்கிறது, எர்த் ஒயர் பிழையான மின்சாரத்துக்கு ஆளைவிடச் சுலபமான வழியைத் தருகிறது. மூன்றும் சேர்ந்தால்தான் காவல்.

## பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. போட்டால்

முதல் நாளே விழும். இரண்டாம் நாளும் விழும். "இந்த ஆர்.சி.சி.பி.யே சரியில்லை, கழற்றிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கழற்ற விடாதீர்கள். பழைய ஒயரிங்கில் ஒரு அறையின் விளக்குக்கு, ஆர்.சி.சி.பி. வழியாக வராத வேறொரு லைனின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பார்கள். சில இடங்களில் நியூட்ரல் அறுந்தபோது எர்த் ஒயரையே நியூட்ரலாக மாட்டி ஓட்டியிருப்பார்கள். அத்தனை வருடமும் கண்ணில் படாமல் இருந்த பிழையை ஆர்.சி.சி.பி. முதல் நாளே காட்டிக்கொடுக்கிறது. ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்தால் எந்த லைனில் பிழை என்று கண்டுபிடித்துவிடலாம். அரை நாள் வேலை, நல்ல எலக்ட்ரீஷியன் கையில்.

உறவினர் வீட்டில் அதைத்தான் செய்தோம். குழாயில் சுற்றிய பச்சை ஒயரை அவிழ்த்து, எர்த்துக்குத் தனிச் செம்பு ஒயரை மெயின் போர்டு வரை இழுத்து, அங்கே ஆர்.சி.சி.பி. போட்டார் எலக்ட்ரீஷியன். மெஷினில் விறுவிறுப்பு நின்றது. மாடிப்படி விளக்கைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தது. கீழ்த்தள சுவிட்ச் ஆர்.சி.சி.பி. வழியாக வரும் லைனிலிருந்தும், நியூட்ரல் அதற்கு வெளியே இருந்த இன்னொரு லைனிலிருந்தும் வந்திருந்தன.

ஆர்.சி.சி.பி.யில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் உள்ளிருக்கும் ஒரு தடை வழியாகக் கொஞ்சம் மின்சாரம் வளையத்தைச் சுற்றிக்கொண்டு போகும். கணக்கு இடிக்கும், பூட்டு விழும். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றே மாற்றிவிட வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் சோதிப்பது ஆர்.சி.சி.பி.யை மட்டுமே. எர்த் ஒயர் கடைசி வரை முழுசாகப் போகிறதா, பாதியில் பிளாஸ்டிக் குழாயில் நின்றுவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. எலக்ட்ரீஷியனை அழைத்து, ஒவ்வொரு பிளக் பாயின்டின் எர்த் பாதையையும் மீட்டரில் அளந்து, எத்தனை ஓம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.